ஸ்வரப் புள்ளிகளும் ஓர் ஊஞ்சல் பாட்டும்

நன்றாகப் படித்த குடும்பங்களில்கூட, ஒரு புத்தகத்தை எடுத்துப் பிரித்தால் எல்லோரும் சற்று நேரத்துக்கு எழுத்து வாசனை அற்றவர்களாகி விடுகிறார்கள். பாட்டுக் கற்றுக்கொள்ளும் குழந்தையின் ஸ்வரப் புத்தகந்தான் அது. 'ஸ, ரி, க, ம' என்று எழுத்துக்கள் எல்லாம் பழகிய எழுத்துக்களே. ஆனால் கூட்டி வாசித்தால் ஒரு சொல்லும் வருவதில்லை. சில எழுத்துக்களுக்குத் தலைமேல் புள்ளி, சிலவற்றுக்குக் காலடியில் புள்ளி. நடுநடுவே காற்புள்ளியும் அரைப்புள்ளியும், வாக்கியம் எதுவும் முடியாமலே, வழிதவறி வந்தவைபோல் நிற்கின்றன. நம்முடன் வேலை பார்க்கும் கணக்கு ஆசிரியர் ஒருவர் இப்படிப்பட்ட பக்கம் ஒன்றை ஐந்து நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, "அச்சுக் கோத்தவன் புள்ளிப் பெட்டியைக் கவிழ்த்துவிட்டான் போலிருக்கிறது" என்று தீர்ப்புச் சொன்னார். இதைவிடப் பயங்கரமான குறிகளையெல்லாம் கரும்பலகையில் எழுதிக் குழந்தைகளைக் கலங்க அடிக்கிறவர் அவர்!

நாம் ஸங்கீத வித்வான் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் இருபது வருஷமாகச் சரித்திரம் கற்பித்து வருகிறோம். குரல் விஷயத்தில் ஆண்டவன் நமக்காக அதிகம் செலவு செய்யவில்லை. அப்படியிருந்தும் நாற்பது வயதுக்கு மேல் ஸ்வரம் வாசிக்கக் கற்றுக்கொண்டோம். நம் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுக்கிற பாட்டு வாத்தியார் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். மற்ற ஐந்து நாளும், "அப்பா, இந்த இடத்தில் எத்தனை அக்ஷரம்?" என்ற கேள்வி நம்மை நோக்கி வரும். "வாத்தியார் வந்ததும் கேள், அம்மா" என்று எத்தனை நாள்தான் தப்பித்துக்கொள்வது? தினம் அரை மணி நேரமாக மூன்று மாதத்தில் புத்தகம் வசப்பட்டது. ஆகையால் நேயர்கள் தைரியமாக இருக்கலாம்.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்குப் பாதி வேலை முன்பே முடிந்திருக்கிறது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று சிறு வயதில் நெட்டுருப் போட்டோமே, அந்தக் கணக்கு இங்கே அப்படியே செல்லுபடியாகும். 'ஸ' என்று குறிலாக இருந்தால் ஓர் அக்ஷர காலம். 'ஸா' என்று நெடிலாக இருந்தால் இரண்டு. அதற்கும் மேலே நீட்ட வேண்டுமானால் காற்புள்ளி ஒன்று போட்டால் ஓர் அக்ஷரம் கூடும். அரைப்புள்ளி போட்டால் இரண்டு கூடும். 'ஸா' வுக்குப் பின் காற்புள்ளி வந்தால் மூன்று, அரைப்புள்ளி வந்தால் நான்கு. அச்சுக் கோத்தவன் கவிழ்த்துவிட்ட புள்ளிகள் இவைதாம். வாக்கியத்தில் நம்மை நிறுத்துகிற அதே குறி, பாட்டில் 'விடாதே, இழு' என்று சொல்கிறது.

தலைமேல் புள்ளி வைத்தால் மேல் ஸ்தாயி. அடியில் புள்ளி வைத்தால் கீழ் ஸ்தாயி. புள்ளியே இல்லாவிட்டால் நடு ஸ்தாயி. தெலுங்கு எழுத்தில் அச்சிடுகிறவர்களுக்கு இதிலே தொந்தரவு இல்லை. தமிழில்தான் சிறு வேடிக்கை நேருகிறது. நமக்குத் தலைமேல் புள்ளி என்றால் மெய்யெழுத்து அல்லவா? மேல் ஸட்ஜத்தைக் கண்ட குழந்தைகள் அதை 'ஸ்' என்று வாசித்து, பாம்பு சீறுவது போல ஒரு சத்தம் போட்டுவிட்டு, அடுத்த எழுத்துக்குப் போய்விடும். தொல்காப்பியருக்குத் தெரிந்தால் சந்தோஷப்படுவார். பாட்டு வாத்தியாருக்குத்தான் கோபம் வருகிறது. இன்னொன்று: 'க' என்று எழுதியிருப்பதைக் காந்தாரத்தின் முதலெழுத்தாக மெல்லொலியில் சொல்ல வேண்டும், 'கண்' என்பதில் வருகிற வல்லொலி அல்ல. அதுபோலவே தைவதமும்.

எழுத்துக்களின் மேலே நீளமாக ஒரு கோடு இழுத்திருந்தால் இரட்டிப்பு வேகம். ஓர் அக்ஷரத்துக்குள் இரண்டு ஸ்வரம் நுழைய வேண்டும். இரண்டு கோடு இழுத்திருந்தால் நான்கு. இனிப் பாக்கியிருப்பவை நெட்டுக் கோடுகள். ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தம் எட்டு அக்ஷரம். கையால் ஒரு தட்டுத் தட்டிச் சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல் என்று எண்ணுவது நான்கு. பிறகு தட்டித் திருப்புவது இரண்டு தடவை, ஆக நான்கு. முதல் பகுதிக்கு லகு என்று பெயர். அதன் அடையாளம் ஒரு நெட்டுக் கோடு. தட்டித் திருப்புவது துருதம். அதற்கு ஒரு சுழி. ஒரே தட்டாக வருவது அனுதுருதம். அதற்கு அரைச் சுழி. பாடத்துக்குள்ளே, ஒவ்வோர் அங்கம் முடிகிற இடத்திலும் ஒற்றைக் கோடும், ஆவர்த்தம் முடிகிற இடத்தில் இரட்டைக் கோடும் போடுவார்கள். நம் ஜில்லாக் குழந்தைகளுக்கு இதை விளக்குவது மிகவும் சுலபம். ஒற்றைக் கோடு வரப்பு. இரட்டைக் கோடு வாய்க்கால் கரை. ஒரு வரப்புக்கும் அடுத்த வரப்புக்கும் நடுவே எத்தனை முடி நாற்று வேண்டும் என்பது நடுகிறவர்களுக்குத் தெரியும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

சரி, 'ஸ' எங்கே இருக்கிறது? மேனாட்டு ஸங்கீதத்தில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் பிறந்த இடம் நிச்சயம். நம்முடைய ஸட்ஜமோ, பாடுகிறவர் எந்த இடத்தில் வைத்துக்கொள்கிறாரோ அந்த இடத்தில் குடியிருக்கும். ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை எண்ணி, 'ஒரு கட்டை', 'ஐந்து கட்டை' என்றும், நடுவே உள்ள கறுப்புக் கட்டைகளை 'ஒன்றரை', 'ஐந்தரை' என்றும் சொல்வது வழக்கம். ஆண்கள் பலர் ஒரு கட்டையை ஒட்டியும், பெண்கள் பலர் ஐந்து கட்டையை ஒட்டியும் பாடுவார்கள். தாத்தாவும் பேத்தியும் ஒரே புத்தகத்தை, ஓர் எழுத்தும் மாற்றாமல், வெவ்வேறு சுருதியில் வைத்துக்கொண்டு பாடலாம். மேனாட்டார் இந்தச் சௌகரியத்துக்காகப் பக்கம் முழுவதையும் மாற்றி எழுத வேண்டியிருக்கிறது.

ரிஷபத்தில் மூன்று, காந்தாரத்தில் மூன்று, மத்தியமத்தில் இரண்டு, தைவதத்திலும் நிஷாதத்திலும் மும்மூன்று. மாறாத ஸட்ஜமும் பஞ்சமமும் சேர்ந்து பெயர்கள் பதினாறு. ஆனால் இவை உட்காரும் இடங்கள் பன்னிரண்டே. இந்த வித்தியாசத்தை ஆரம்பப் பாடத்தில் போட்டுக் குழப்ப வேண்டியதில்லை. பாடத்தின் தலைப்பில் ராகத்தின் பெயரும், எந்த ரி, எந்த க என்பதும் குறித்திருக்கும். அதைப் பார்த்துக்கொண்டால் போதும். முதற் பாடம் ஏன் மாயாமாளவகௌளையில் தொடங்குகிறது என்று நம் பெண் கேட்டாள். புரந்தரதாசர் வகுத்த முறை என்பது ஸம்பிரதாயம். காரணமும் நல்ல காரணமே. அந்த ராகத்தில் 'ஸ ரி க ம' என்ற கீழ்ப் பாதியின் இடைவெளிகளும், 'ப த நி ஸ' என்ற மேற்பாதியின் இடைவெளிகளும் ஒன்றுக்கொன்று அச்சாக ஒத்திருக்கின்றன. கீழ்ப் பாதியைப் பாடத் தெரிந்த குழந்தைக்கு மேற்பாதி புதிதல்ல. இது எழுபத்திரண்டு மேளகர்த்தாக்களில் பதினைந்தாவது. அந்த எழுபத்திரண்டு என்ற கணக்கைப் போட்டவர், தஞ்சை நாயக்க மன்னர்களிடம் மந்திரியாக இருந்த கோவிந்த தீக்ஷிதரின் குமாரர் வேங்கடமகி. பதினேழாம் நூற்றாண்டில், இந்தக் காவேரிக் கரையில் உட்கார்ந்துகொண்டு, இன்னின்ன ஸ்வரங்கள் சேர்ந்தால் இத்தனை மேளந்தான் வரும் என்று அவர் கணக்குத் தீர்த்தது நம் கணக்கு ஆசிரியருக்கு மெத்தப் பிடித்துவிட்டது. அன்றிலிருந்து புள்ளிப் பெட்டியைப் பற்றி அவர் பேசுவதில்லை.

'ஸ்வரத்தை எழுதி வைப்பது வெள்ளைக்காரனிடம் கற்றுக்கொண்டது' என்று ஓர் அபிப்பிராயம் உலவுகிறது. அப்படி நினைப்பவர்கள் ஒரு விடுமுறை நாளில் புதுக்கோட்டைப் பக்கம் குடுமியான்மலைக்குப் போய்வர வேண்டும். அங்கே பாறையில், கிரந்த எழுத்தில், ஏழு பிரிவாக ஸ்வரங்களை வெட்டி வைத்திருக்கிறார்கள். காலம் ஏழாம் நூற்றாண்டு என்பர். ஒவ்வொரு ஸ்வரத்தின் எழுத்தும் அகரம், இகரம், உகரம், எகரம் என்று உயிர் மாறி மாறி வருகிறது. எழுத்துக்கள் நான்கு நான்காகக் கூட்டம் சேர்ந்து நிற்கின்றன. சில எழுத்துக்களின் தலைமேல் புள்ளியும் உண்டு! புள்ளிக்கு அர்த்தம் என்ன என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை. கல்வெட்டின் முடிவில் இருப்பதுதான் நமக்கு, வாத்தியார் என்ற முறையில், மிகவும் பிடித்த விஷயம். ருத்ராசாரியர் என்பவரின் சிஷ்யனான ஓர் அரசன், சிஷ்யர்களின் நன்மைக்காக இதைச் செய்ததாக அதில் சொல்லியிருக்கிறது. வெற்றிகளையும் தானங்களையும் கல்லில் வெட்டிய அரசர்கள் ஏராளம். பாடப் புத்தகத்தைக் கல்லில் வெட்டியவன் இவன்.

மேனாட்டிலும் இந்த வித்தை பிறந்தது பிள்ளைகளுக்காகத்தான். பதினோராம் நூற்றாண்டில் இத்தாலியில் கீடோ என்ற பாதிரியார், கோயிலில் பாடும் பையன்கள் பாட்டுக்களை நெட்டுருப் போடுவதிலேயே வருஷக்கணக்கைக் கழிப்பதைப் பார்த்து, கோடுகளின் மேலும் இடையிலும் ஸ்வரங்களை வைத்து எழுதும் முறையைச் செம்மைப்படுத்தினார். அதுவே பிற்காலத்தில் ஐந்து கோடாக நிலைத்தது. அதில் ஏறினால் ஸ்வரம் ஏறும், இறங்கினால் இறங்கும்; கண்ணுக்குப் படிக்கட்டுப் போலத் தெரியும். காலத்தை முட்டையின் வடிவம் சொல்லும்: உள்ளே வெறுமையாக இருந்தால் நீளம், கறுப்பாக நிரப்பியிருந்தால் அதில் குறைவு, காம்பிலே வால் முளைத்தால் இன்னும் குறைவு. அந்த முறை நமக்கு அந்நியமாகவே இருந்ததென்றும் சொல்ல முடியாது. 1798 முதல் 1832 வரையில் தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் அரண்மனையில் மேனாட்டு வாத்தியங்கள் வைத்து பாண்டு நடத்தினார். அந்த ஸங்கீதத்தின் ஏடுகள் சரஸ்வதி மகாலில் இருக்கின்றன. முத்துஸ்வாமி தீக்ஷிதரோ ஆங்கில பாண்டின் மெட்டுக்களைக் காதால் வாங்கி ஸம்ஸ்கிருதத்தில் ஸாஹித்யம் செய்து வைத்தார். 'நோட்டு ஸ்வரம்' என்று குழந்தைகள் இன்றைக்கும் பாடுகிறவை அவையே. அவற்றில் ஒன்று இங்கிலாந்து தேசத்து ராஜ வாழ்த்தின் மெட்டு. மெட்டை எடுத்துக்கொண்டு, வாழ்த்தைத் தெய்வத்துக்குக் கொடுத்துவிட்டார் தீக்ஷிதர்!

ஆனால் நம் ஸங்கீதத்தின் உயிர், ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவே இருக்கிற வழியில் அல்லவா இருக்கிறது? அதை எப்படி எழுதுவது? இதற்காகப் பாடுபட்டவர் இருவரின் கதையை ஒவ்வொரு பாட்டுப் பிள்ளைக்கும் சொல்ல வேண்டும். சின்னஸ்வாமி முதலியார் என்ற எம். ஏ. பட்டதாரி, சென்னையில் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர், கிறிஸ்தவர்; நம் கீர்த்தனங்களை மேனாட்டு ஸ்வரலிபியில் எழுதி 1893-ல் அச்சிடத் தொடங்கினார். கைப்பொருளைக் கரைத்தார், கண் பார்வையும் போயிற்று. அந்த நிலையில் அவர் எட்டயபுரத்துக்குப் போய், முத்துஸ்வாமி தீக்ஷிதரின் குடும்பத்து வித்தையைக் கையிருப்பாக வைத்திருந்த சுப்பராம தீக்ஷிதரிடம், இதையெல்லாம் எழுதி வெளியிட வேண்டும் என்று மன்றாடினார். ஸமஸ்தானத்தின் ஆதரவும் கிடைத்தது. 1904-ல் 'ஸங்கீத ஸம்பிரதாய பிரதர்சினி' என்ற மாபெரும் நூல் தெலுங்கு எழுத்தில் எட்டயபுரத்தில் அச்சாயிற்று. இரண்டு வருஷங்களுக்கெல்லாம் தீக்ஷிதர் காலமாகிவிட்டார். அந்த நூலில்தான் கமகங்களுக்கு அடையாளங்கள் வகுத்திருக்கிறார். அசைவுக்கு நெளி கோடு. ஏற்ற ஜாருவுக்கு மேல்நோக்கிச் சாய்ந்த கோடு. இறக்க ஜாருவுக்குக் கீழ்நோக்கிச் சாய்ந்த கோடு. நொக்குக்கு ஆங்கில டபிள்யூ எழுத்தைப் போன்ற ஒரு குறி. இப்படி இன்னும் சில. இக்காலத்து ஆரம்பப் பாடப் புத்தகங்களில் இவற்றைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள் என்பது நம் மனத்தாங்கல்.

நம் ஊரிலேயே ஆபிரகாம் பண்டிதர் செய்த காரியமும் சாமானியமல்ல. வைத்தியத்தில் சம்பாதித்ததை ஸங்கீதத்தில் செலவழித்தவர் அவர். 1912-ல் தஞ்சையில் ஸங்கீத வித்யா மகாஜன சங்கத்தைத் தொடங்கி மகாநாடுகள் கூட்டினார். 1917-ல் 'கருணாமிர்த சாகரம்' வெளியிட்டார். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு ஸ்வரங்களுக்கும் பழந்தமிழ்ப் பெயர் உண்டு என்பதைப் படித்தவர்கள் பலர் அறிந்தது அவருடைய ஆராய்ச்சியினால்தான்.

இவ்வளவுக்குப் பிறகும், 'புஸ்தகத்தைப் பார்த்துப் பாடுவது பாட்டா?' என்று கேட்கும் வித்வான்கள் இருக்கிறார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. திருவையாற்றில் ஸ்ரீ தியாகராஜ ஸ்வாமிகளிடம் பாடம் கேட்ட சிஷ்யர்களை எண்ணிப் பாருங்கள். உமையாள்புரத்தார் வழி ஒன்று, தில்லைஸ்தானத்தார் வழி ஒன்று, வாலாஜாபேட்டையார் வழி ஒன்று. ஒரே கீர்த்தனம் மூன்று வழியிலும் மூன்று விதமாக வந்திருக்கிறது; மூன்றும் அழகாகவே இருக்கிறது. அச்சுப் புத்தகம் அன்றே இருந்திருந்தால் மூன்றில் இரண்டு பிறந்தே இருக்காது. காதால் கேட்பது வளரும். காகிதத்தில் எழுதியது வளராது. ஆனால் வாலாஜாபேட்டை வெங்கடரமண பாகவதர் எழுதி வைக்காமல் இருந்திருந்தால் ஸ்வாமிகளின் பாட்டுக்கள் எத்தனை நமக்குக் கிடைத்திருக்கும் என்பதையும் கேட்க வேண்டும். அவர் வழியில் வந்த ஏடுகளை மதுரையில் ஸௌராஷ்டிர ஸபையார் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

வித்வான்களுக்குச் சிஷ்யர்கள் உண்டு. சிஷ்யர்கள் இல்லாத பாட்டுக்கள் எத்தனை வீடுகளில் இருக்கின்றன! நம் பெரியம்மாவிடம் அப்படி ஒன்று இருந்தது. வெண்ணாற்றங்கரைக் கிராமத்தில் இருக்கிறார். வயது எண்பத்து மூன்று. கல்யாணங்களில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் ஊஞ்சலில் வைத்து ஆட்டும்போது பாடுகிற பாட்டு. அவருடைய தாயார் பாடியது. அந்தத் தாயாருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ! நான்கு அடிகள் கொண்ட செய்யுள் நான்கு. நம் குடும்பத்துக் கல்யாணங்களில் அதைப் பாடாமல் ஊஞ்சலை நிறுத்தினதில்லை. சென்ற இரண்டு வருஷமாகப் பெரியம்மாவுக்கு நினைவு தவறி வருகிறது. காலையில் யார் வந்தார்கள் என்பது சாயங்காலம் தெரியாது. பாட்டில் மூன்றாம் செய்யுள் வந்ததும் சொல் நின்றுவிடும். மெட்டு மாத்திரம் 'தன்னன்னா' என்று வாய்க்குள்ளே ஓடும்.

இந்தக் கோடை விடுமுறையில், குறுவைக்கு இன்னும் தண்ணீர் திறக்கவில்லை, வயலெல்லாம் வெடித்துக் கிடக்கிறது, நானும் பெண்ணும் என்று இருவராக நோட்டுப் புத்தகமும் பென்சிலும் சுருதிப் பெட்டியும் எடுத்துக்கொண்டு போனோம். "கைபேசியில் பதிவு செய்துகொண்டால் போதாதா?" என்று எல்லோரும் கேட்டார்கள். அதையும் செய்தோம். அந்தப் பதிவு எங்களிடம் பத்திரமாக இருக்கிறது. பெரியம்மாவின் குரல் நமக்கு வேண்டும். ஆனால் அதைக் கேட்டு ஒரு குழந்தை கற்றுக்கொண்டால், எண்பத்து மூன்று வயதின் மூச்சுத் திணறலையும் பாட்டின் பகுதி என்றே எடுத்துக்கொள்ளும். மூச்சுக்காக நின்ற இடம் எது, பாட்டுக்காக நின்ற இடம் எது என்று பிரித்துச் சொல்ல அவர் பக்கத்தில் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும்.

"ஏண்டாப்பா, ஊஞ்சல் பாட்டைப் போய்க் காகிதத்திலே எழுதுவாளோ? வண்ணான் கணக்கா இது?" என்றார் பெரியம்மா. ஆனாலும் பாடினார்.

சுருதிப் பெட்டியை நாலு கட்டையில் வைத்ததும் அவர் குரல் தானாக வந்து அதில் உட்கார்ந்தது. பாட்டு, கீழே மந்தர நிஷாதத்துக்கும் மேலே தைவதத்துக்கும் நடுவிலேயே நடமாடியது. மேல் ஸட்ஜத்தை ஒரு தடவையாவது எட்டிப் பார்க்கவில்லை. ஆகவே தலைமேல் புள்ளியே வேண்டியிருக்கவில்லை; காலடிப் புள்ளி மட்டும் அங்கங்கே. பாட்டு வாத்தியார் பிறகு பக்கத்தைப் பார்த்துவிட்டுக் குறிஞ்சி ராகத்தின் சாயல் என்றார். தாலாட்டுக்கும் ஊஞ்சலுக்கும் ஏற்பட்ட ராகம் அது; மேல் ஸ்தாயிக்கு ஏறாமல் இந்த எல்லைக்குள்ளேயே உலாவுவது அதன் இலக்கணம். குழந்தை தூங்குகிற வீட்டில் யார் உச்சஸ்தாயியில் கத்துவார்கள்?

காலக் கணக்கு மூன்று மூன்றாகப் போயிற்று. அடிக்கு நான்கு மூன்று, பன்னிரண்டு அக்ஷரம். எழுத எழுத வரப்புக் கட்டிக்கொண்டே வந்தோம். அடி முடிகிற இடத்தில்தான் வரப்பு உடைந்தது. கடைசி ஸ்வரத்தைப் பெரியம்மா ஒரு தடவை மூன்று அக்ஷரம் நீட்டினார். மறு தடவை ஐந்து. இன்னொரு தடவை நான்கரை. "பாட்டி, இங்கே எத்தனை?" என்று கேட்டாள் பெண்.

"எத்தனைன்னா? ஊஞ்சல் திரும்பி வரவரைக்கும் இழுக்கணும். அது வராமே நீ அடுத்த அடி எடுத்தா யாரைப் பார்த்துப் பாடறது?"

ஊருக்குத் திரும்பியதும் இதைக் கணக்கு ஆசிரியரிடம் சொன்னோம். அவர் உடனே ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டார். ஊஞ்சல் ஒரு தடவை போய்வரும் நேரம் சங்கிலியின் நீளத்தைப் பொறுத்தது. உட்கார்ந்திருப்பவர்களின் கனத்தைப் பொறுத்ததல்ல. எட்டடிச் சங்கிலியானால் மூன்று விநாடிக்குச் சற்று அதிகம். நாலடியானால் இரண்டேகால் விநாடிக்கும் குறைவு. அதாவது, உயர்ந்த கூடமுள்ள பெரிய வீட்டுக் கல்யாணத்தில் இந்தப் பாட்டின் கார்வை நீளம். சின்ன வீட்டில் குறைவு. எந்த வித்வானுடைய கச்சேரியிலும் இல்லாத விசித்திரம்! இதற்குக் காற்புள்ளி எத்தனை போடுவது?

நம் முறையில் இதற்கு ஒரு குறி நம் கைக்கு அகப்படவில்லை. மேனாட்டு முறையில் இருக்கிறது. ஸ்வரத்தின் மேல் ஒரு புள்ளி வைத்து, அதன் தலைக்குமேல் குடை பிடித்தாற்போல ஒரு வளைகோடு போடுவார்கள். பெர்மாட்டா என்று பெயர். 'கணக்கைப் பார்க்காதே, உசிதம்போல் நிற்கலாம்' என்பது அதன் பொருள். நம் பெண் ஒவ்வோர் அடியின் முடிவிலும் அந்தக் குடையைப் போட்டு, பக்கத்தின் அடியில் 'ஊஞ்சல் வரும் வரையில்' என்று எழுதி வைத்தாள். புள்ளி மறுபடியும் மேல் ஸ்தாயியோ என்று மயங்காமல் இருக்க, குடை மட்டும் சிவப்பு மை. அந்நியக் குறியை நம் பாட்டில் சேர்க்கலாமா என்று யாராவது கேட்டால், பிடிலையும் நோட்டு ஸ்வரத்தையும் சேர்த்துக்கொண்ட தீக்ஷிதர் வீட்டாரைக் கேட்கச் சொல்ல உத்தேசம்.

மூன்றாம் நாள் ராத்திரி, பெண் காகிதத்தைப் பார்த்துப் பாடிக் காட்டினாள். பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இரண்டாம் அடியில், காந்தாரத்திலிருந்து ரிஷபத்துக்கு வரும் இடத்தில் கையை நீட்டித் தடுத்தார்.

"அங்கே படி இறங்கற மாதிரி இறங்கப்படாது, குழந்தே. வழுக்கணும். வாழைப்பழத் தோல்மேலே கால் வெச்சாப்போலே."

அவரே பாடிக் காட்டினார். சுப்பராம தீக்ஷிதரின் இறக்க ஜாரு! சாய்ந்த கோடு ஒன்றைப் போட்டதும் பெண் மறுபடி பாடினாள். "ஹூம், அதான்" என்றார் பெரியம்மா. ஒன்றரைப் பக்கத்தில் அப்படி ஏழு சாய்ந்த கோடுகள் விழுந்தன. எழுதிய நம்மைவிட, 'கணக்கா இது?' என்று கேட்டவருக்கே கடைசியில் அதிக அக்கறை வந்துவிட்டது, "அந்த வழுக்கலைப் போட்டுட்டியோ?" என்று படுக்கப் போகுமுன் இரண்டு தடவை கேட்டார்.

ஆவணியில் ஒரு முகூர்த்தத்துக்காக மீண்டும் போனபோது, அவராக அந்தப் பாட்டை எடுக்கவில்லை. ஊஞ்சலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். பெண்தான் பாடினாள், சின்னக் கூடம், சின்ன ஊஞ்சல், கார்வை குறைவாகவே வந்தது. "இது யார் சொல்லிக் குடுத்தா உனக்கு? நன்னாயிருக்கே" என்றார் பெரியம்மா. "நீங்கதான், பாட்டி" என்றாள். "நானா!" என்று சிரித்தார். இரண்டாம் அடியில் வழுக்குகிற இடத்தில் மாத்திரம் அவர் கை, மடியில் கிடந்தபடியே, சற்றுச் சாய்ந்தது.

மூன்றாம் செய்யுளின் சொற்கள் கிடைக்காத இடத்தில், ஸ்வரங்களை மேலே எழுதி, ஸாஹித்யத்தின் வரிசையில் வெறும் சிறு கோடுகள் போட்டு வைத்திருக்கிறோம். அதை மூன்று பிரதி எடுத்து, அந்தப் பாட்டைக் கேட்டிருக்கக்கூடிய உறவினர்களுக்குக் கும்பகோணம், மன்னார்குடி, சிதம்பரம் ஆகிய இடங்களுக்கு அனுப்பினோம். மன்னார்குடியிலிருந்து சித்தி மகள் முதல் இரண்டு அடி எழுதி அனுப்பினாள். சிறு வயதில் கேட்டதாம், நிச்சயமில்லை என்று கூடவே எழுதியிருந்தாள். நம் பெண் ஒவ்வோர் எழுத்தாகக் கோடுகளின்மேல் வைத்து எண்ணினாள். குறில் விழ வேண்டிய இடத்தில் குறில். இரண்டு அக்ஷரம் உள்ள இடங்களில் நெடில். ஜாரு வருகிற இடத்தில் நீளமான ஓர் ஆகாரம். பன்னிரண்டும் பொருந்தின, அடுத்த பன்னிரண்டும் பொருந்தின. சித்தி மகளுக்கு உடனே கடிதம் போட்டோம். பாக்கி இரண்டு அடிக்குக் கும்பகோணத்திலிருந்து இன்னும் பதில் வரவில்லை.